வித்த முத்திரை

பஞ்சை எடுக்கலாம். தின்னரில் நனைத்த பஞ்சு பித்தளை மூடியின் மேல் சப்பென்று உட்கார்ந்திருக்கிறது, எடுத்துத் துடைத்தால் அடியில் இருக்கிற பச்சைப் பெயிண்ட் குழைந்து வந்துவிடும், வந்துவிட்டால் தெரிந்துவிடும், ஆகையால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊற வேண்டிய நேரம் எப்போதோ ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட இடம் அது, மனைவி கோமளா அதற்கு வைத்த பெயர் பட்டாளம், யாராவது போன் செய்து சார் இருக்காரா என்றால் பட்டாளத்துல இருக்கார் என்பாள், சாப்பாடு ஆறிப்போனால் பட்டாளம் கலைஞ்சிதா இல்லியா என்று சத்தம் போடுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் ஒரு நாளும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சாமான் எது வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கம்பளி உறை போட்ட நீலத் தண்ணீர்க் குப்பி, துப்பாக்கி முனையில் செருகுகிற மழுங்கிய கத்தி, கட்டை விரல் நீளத்துக்குப் பித்தளைக் கொக்கி வைத்த நாடா பெல்ட், ஓரம் நசுங்கிய சோற்றுத் தூக்கு, எல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. காரில் வந்து இறங்கும் பையன்கள் செய்தித்தாளில் சுற்றி எதையாவது நீட்டுவார்கள். ஒரு திருப்புத் திருப்புவார், அவ்வளவுதான், இது முதல் உலகச் சண்டை, இது ரெண்டாவது, இது கனடாக்காரன், முத்திரையைச் சுத்தி ஒரு சி இருக்கு பாருங்க, இது போலி, மூடிக்குள்ளே இங்கிலீஷ் பாட்டு செதுக்கியிருந்தாலே டூரிஸ்டுக்குப் பண்ணதுன்னு அர்த்தம், குடுத்த காசை மறந்துடுங்க. சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு ஒரு மூடியைத் துடைக்கக் கை வரவில்லை.

அந்த மூடிக்குள் இருக்கிற திசைகாட்டியில் சந்தேகமே இல்லை, அசல். பக்கத்தில் முப்பட்டைக் கண்ணாடி வைத்தது, உள்ளே தட்டு முத்துச்சிப்பி, இருட்டில்கூட லேசாகப் பளபளக்கும், முதல் சண்டைக்குச் செய்து ரெண்டாவது சண்டை வரைக்கும் ஓட்டியது. வேறு யார் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் கையில் வாங்கியதும் ஒரு துள்ளுத் துள்ளியிருப்பார். கொடுத்தது அக்கா. முன் அறையில் கட்டிலில் கிடக்கிறாள் தனபாக்கியம், இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் முன்பு இங்கே வந்தவள், கண்ணில் அழுத்தம் வந்து வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, யார் வந்தாலும் காலடியை வைத்தே கண்டுபிடிக்கிறாள். கோமளா வைக்கிற சோற்றைக் குறை சொல்லாமல் தின்கிறாள், அதுவே அதிசயம். நேற்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அடியில் பழைய பட்டுப் பாவாடையில் சுற்றியிருந்ததை எடுக்கச் சொல்லி, அப்பாவோடது என்றாள். அப்பாவோடதா? தொலைஞ்சு போச்சுன்னியே? தொலையல என்றாள். பிறகு சொன்னாள். எழுபது வருஷத்துக்கு மேல் வயிற்றுக்குள் வைத்திருந்ததை ரேஷன் கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொன்னாள், நடுவில் ஒரு முறைகூடக் குரல் தடுக்கவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில் கேட்டாள், "வித்த முத்திரைன்னா இன்னாடா? அப்பா அதையேதான் சொன்னாரு. அதுல வித்த முத்திரை இருக்குதுடின்னு அம்மாகிட்ட கத்துனாரு. நீதான் இந்த குப்பையெல்லாம் படிச்சிருக்கியே, சொல்லு." அவர் சொன்னார், சொல்லியிருக்க வேண்டாம். சர்க்கார் சாமான் எல்லாத்திலும் காக்காக்கால் முத்திரை அடிச்சிருப்பான்கா, மூணு கோடு, அம்பு மாதிரி, அது இருந்தா சர்க்கார் சொத்து, எவன் கையில இருந்தாலும் திருட்டு. உதவாதுன்னு கண்டம் பண்ணி ஏலத்துல வித்துட்டான்னா அந்தக் காலுக்கு எதிர்ல இன்னொரு காலு அடிப்பான், நுனியும் நுனியும் முட்டுற மாதிரி. அதான் வித்த முத்திரை. வாங்கினவன் திருடன் இல்லன்னு அர்த்தம். அக்கா "அப்ப பாத்து சொல்லு" என்றாள். "காலையில பாத்து சொல்றேன்கா" என்றார். காலை என்பது இப்போது உச்சி வெயிலாகிவிட்டது.

அடுப்பங்கரையிலிருந்து புளி கரைக்கிற வாசனை வந்தது. புளி என்றதும் அம்மா வந்துவிட்டாள், அவர் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து மூடியைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அதை அவர் பார்த்ததில்லை, அப்போது அவருக்கு ரெண்டு வயது, பார்த்திருந்தாலும் நினைவிருக்காது, ஆனாலும் நேற்று அக்கா சொன்னதிலிருந்து கண்ணெதிரே தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய சமயம். அப்பா வேலை பார்த்த மலையடிவாரத்துப் பட்டாள டிப்போவில் சாமான் களவு போய்விட்டது, தொழிலாளிகள் வீட்டையெல்லாம் சோதிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. உன் வீட்டுல அந்த முள்ளு வச்ச பித்தளைப் பொட்டி இருக்குதே ஏகாம்பரம் பொண்டாட்டி, அதுல காக்காக்கால் இருக்குமே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அம்மாவுக்குப் படிப்பு இல்லை, காக்காக்கால் தெரியும், பட்டாளத்துத் தெருவில் இருந்த எல்லாப் பொம்பளைகளுக்கும் அது தெரியும், அது வீட்டுக்குள் இருந்தால் போலீஸ் வரும் என்று தெரியும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், விளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். பித்தளை பளிச்சென்று ஆனது, முத்திரையும் அதோடு சேர்ந்து பளிச்சென்று ஆனது. அடித்த முத்திரை எந்தப் புளிக்குப் போகும்? பிறகு கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டைக் பூச்சு மேல் பூச்சாக அப்பி, காயவைத்து, பத்து வயது தனபாக்கியத்தைக் கூப்பிட்டு, இதை வச்சிக்கோ, அப்பாவே கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும், சொன்னா அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க என்றாள். குற்றம் சொல்ல முடியுமா அவளை? அவர் பலமுறை முயன்று பார்த்துவிட்டார், நேற்று ராத்திரியிலிருந்து அதே வேலைதான், முடியவில்லை. பித்தளையில் புளி போடாதே என்று கோமளாவிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறார், பழைய நிறம் போச்சுன்னா சாமான் செத்துப்போச்சுடி என்று, அவளும் செத்த சாமானை வாங்கியாந்துட்டு உசுரைப் பத்திப் பேசறியே என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அம்மா போட்ட புளிக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது.

"இன்னும் முடியலியா?" கோமளா நிலைப்படியில் வந்து நின்றாள், கையில் புளித் தண்ணீர் சொட்டியது. "அக்கா ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. அப்படி இன்னாத்தான் இருக்குது அதுல?"

"பெயிண்ட்" என்றார்.

"நான் வேணா ஒரு தேய் தேய்ச்சுக் குடுக்கவா?"

"கைய வச்சே, அப்புறம் தெரியும்" என்று அவர் போட்ட சத்தத்தில் அவளுக்கே முகம் விழுந்துவிட்டது. வழக்கமான சண்டை இல்லை இது என்று புரிந்துகொண்டு உள்ளே போனாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது, மாமனார் டிப்போவில் திருடி வேலை போனவர் என்பது மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டது, அதையும் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அம்மாதான் சொன்னாள். பிறகு கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார், நினைப்பு அங்கே நிற்காமல் மறுபடி டிப்போவுக்கு ஓடிவிட்டது. அந்தப் பித்தளைப் பொட்டி உன்கிட்ட எப்படி வந்தது என்று கேட்கிற துரை முன்னால் அப்பா நிற்கிறார். ஏலத்துல எடுத்தது துரை, சீட்டு தொலைஞ்சு போச்சு, ஆனா அதுல வித்த முத்திரை இருக்கு, இப்பவே வீட்டுக்குப் போய்க் கொண்டாறேன். துரையும் போகத்தான் விட்டான். அப்பா ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். ஏரியில எறிஞ்சுட்டேன் என்றாள் அம்மா. அதுல வித்த முத்திரை இருக்குதுடி, அதைக் காட்டினா போதும்டி. அம்மாவுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை, ஏரியிலதான் எறிஞ்சேன் என்றாள். அப்பா அம்மாவை அடிக்கவில்லை, அக்கா அதை ரெண்டு தடவை சொன்னாள், அடிக்கலடா, என் பக்கம் திரும்பி முட்டி போட்டு உக்காந்து என் மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வச்சு, உனக்குத் தெரியுமாம்மா, அப்பாகிட்ட சொல்லும்மா என்றார். அப்போ அது எங்கே இருந்தது தெரியுமா, என் பாவாடை இடுப்பு முடிச்சுல இருந்தது, எனக்குக் குத்திக்கிட்டிருந்தது. "தெரியாதுப்பா"ன்னேன். அதை அவர் எதுக்கு வாங்கினார் தெரியுமா மாசி, தாம்பரம் தாண்டிப் போகாத மனுஷன், என் உள்ளங்கையில வச்சு என்னைச் சுத்தச் சொல்லுவாரு, நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளு திரும்பாது பாரு, அப்படித்தான் இருக்கணும் என்பாரு.

முள் திரும்பாது. இப்போதுகூடத் திரும்பாது, மூடியைத் திறந்தால் வடக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும், இத்தனை வருஷம் டிரங்குப் பெட்டிக்குள்ளும் வடக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கும். அதில் என்ன பிரயோஜனம். பஞ்சின் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் கசிந்து மேஜையில் பரவியது. துடைக்கவில்லை. இதே மூடியை அவர் ஒரு தடவை சுரண்டியிருக்கிறார், அதை நேற்று அக்கா நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை, அது எப்போதும் அவரோடுதான் இருந்தது. நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. அக்கா கல்யாணமாகிப் போவதற்கு முன். சிறுவன் மாசி அவள் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது, ஆணியால் பச்சையைச் சுரண்டினான், மூணு கோடு தெரிந்தது. காக்காக்கால். தெருவில் பையன்கள் காக்காக்கால் வூட்டுக்காரா என்று கூப்பிடுவதற்குக் காரணம் இதுதானா என்று ஓடிப்போய் அக்காவிடம் நீட்டி, "அக்கா, காக்காக்கால் இருக்குக்கா, நெஜமாவே இருக்கு" என்றான். அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை, அழுகைக்கு முந்தியதா நிம்மதியா என்று அவரால் இதுவரை பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை, இப்போது தெரிகிறது, நிம்மதி. அப்பா திருடர்தான், ஆகையால் தான் சொன்ன தெரியாதுப்பா ஒன்றையும் கெடுத்துவிடவில்லை என்கிற நிம்மதி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். ஏன் நிறுத்தினான்? இன்னும் ஒரு விரற்கடை சுரண்டியிருந்தால்? ஆணி மழுங்கியதா, அம்மா வந்தாளா, கை வலித்ததா? ஒன்றுமில்லை, தேடியது கிடைத்துவிட்டது, நிறுத்திவிட்டான். போலிச் சாமான் வாங்கி ஏமாந்த பையன்களிடம் அவர் சொல்கிற பாடமே அதுதான், நீங்க எதிர்பார்த்தது கிடைச்சதும் பாக்கறத நிறுத்திட்டீங்க தம்பி, அதான் தப்பு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், இத்தனை வருஷமாக, டீ குடித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவோடு யாரும் பேசவில்லை. தோல் கிடங்கில் காவலுக்குப் போய்விட்டு நாற்றத்தோடு வருவார், அம்மா தட்டைத் தரையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளுவாள், தட்டு இழுபட்டுப் போய் அவர் முட்டியில் நிற்கும், அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவ எழுந்திருக்க மாட்டார். தம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தரையில் என்னவோ போடுவார். மூணு கோடு, அதற்கு எதிரே மூணு கோடு. நட்சத்திரம் போடறாரு அப்பா என்று இவன் சிரிப்பான், அக்கா திரும்பிக்கொள்வாள், அப்பா இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தினமும். சிமிட்டித் தரை, சீக்கிரம் காய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது முதன்முதலாகச் சந்தையில் பழஞ்சாமான் விற்கிற ஜமால் பாய் ஒரு தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டி, ரெண்டு காலு முட்டுது பாரு சார், இது வித்த மால் என்று சொன்ன நாளில், எதிர்வெயிலில் நின்றவர்போல் கண்ணைக் கட்டியது, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார், காய்ச்சல் என்று லீவு போட்டார். காய்ச்சலும் இருந்தது. ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு தரையில் காய்ந்த அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை, நினைக்கக் கூடாது என்று முடிவு செய்யாமலே நினைக்காமல் இருந்தார், அது எப்படி முடிந்தது? வேண்டாததை விரலால் நகர்த்திவிட்டுத் தேவையானதை மட்டும் எடுக்கிற சந்தைப் பழக்கம் மனசுக்கும் வந்துவிட்டதா? அப்போது அப்பா உயிரோடு இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பேசமுடியாமல் கிடந்தபோதுகூட இருந்தார், கட்டில் விளிம்பில் விரல் போய்ப் போய் வந்தது. வார்டு பையன் அதைப் பார்த்து கொசு ஓட்றாரு என்றான். மாசிலாமணி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். அக்கா வரவே இல்லை.

ஆகையால் ஒரே காலாக இருக்கட்டும். சத்தமில்லாமல் வாய் அசைந்து அதைச் சொல்வதை அவரே கேட்டார், கேட்டுத் திடுக்கிட்டார். பெற்ற அப்பன் திருடனாக இருக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளை வேண்டிக்கொள்வான்? நான் வேண்டிக்கொள்கிறேன். ஒரு கால் மட்டும் இருந்தால், திருடினார், மாட்டிக்கொண்டார், பொய் சொன்னார், நாங்கள் பேசாமலிருந்தோம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அக்கா நிம்மதியாகச் செத்துப் போவாள். நானும். தண்ணீரில் அப்பா போட்டது வெறும் நட்சத்திரம், கிழவர்கள் எதையாவது கிறுக்குவார்கள். ரெண்டு கால் இருந்தால் தட்டு இழுபடுகிற அந்தச் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. மாசிலாமணி ரொம்ப வெட்கப்பட்டார், வெட்கம் இருந்தும் வேண்டுதல் நிற்கவில்லை. "மாசி" என்று முன் அறையிலிருந்து குரல் வந்தது. தோ வரேன்கா என்று சொல்லிவிட்டு, சொன்னதனாலேயே வேறு வழியில்லாமல் பஞ்சை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தார்.

பச்சை வழித்துக்கொண்டு வந்தது. ஆணிக் கீறல் இருந்த இடத்தில் அன்று பார்த்த அதே காக்காக்கால். அதன் நுனிக்கு நேரே, ஆணி போகாமல் விட்ட இடத்தில், இன்னொன்று. நுனியும் நுனியும் முட்டிக்கொண்டு, புளி போட்டுத் தேய்த்ததில் கூர்மை கொஞ்சமும் குறையாமல், நேற்று அடித்தது மாதிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குச் சாய்த்துக்கூடப் பார்த்தார். போலியில் இப்படி வராது. அப்பா என்றார் மெதுவாக. எத்தனையோ வருஷமாக அந்தச் சொல்லை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை, வாய்க்கே புதிதாக இருந்தது. அழுகை வரவில்லை, வந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியால் மூடியைத் துடைத்து, கையைத் துடைத்து, மறுபடி மூடியைத் துடைத்து, இனித் துடைக்க எதுவும் இல்லை என்று ஆன பிறகு எழுந்து முன் அறைக்குப் போனார்.

அக்கா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தவள் காலடி கேட்டுத் திரும்பினாள்.

"இன்னாடா, ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"எத்தினி காலு?"

சன்னல் வெளிச்சம் அவள் கண்ணில் விழுந்தும் கண் சிமிட்டவில்லை. எலும்பும் தோலுமாகக் கழுத்து. இவளிடமா சொல்வது? பத்து வயதுக் குழந்தையிடம் போய், உன் இடுப்பு முடிச்சில் இருந்தது அப்பாவின் உயிர் என்றா சொல்வது? அவளுக்காகத்தான் என்று நினைத்தார், உடனே, அவளுக்காக மட்டுமா என்றும் நினைத்தார்.

"ஒண்ணுதான்கா" என்றார்.

"நல்லா பாத்தியா?"

"நான் பாத்துத் தப்பாப் போயிருக்கா? ஒண்ணுதான்."

"அப்ப டிப்போவுலேர்ந்து எடுத்துட்டுத்தான் வந்துட்டாரு."

"ஆமாக்கா."

அவள் மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள். முகம் அன்றைக்குப் போன அதே போக்கில் போவதை அவர் பார்த்தார், சரி, நல்லது, முடிந்தது என்று நினைத்தார். அவள் கையை நீட்டினாள். "குடு இப்படி" என்றாள். கொடுக்காமல் இருக்கலாம் என்று தோன்றுவதற்குள் கொடுத்துவிட்டார். பெயிண்ட் இருந்தவரை, ஆணி கீறிய அந்த ஒரு காலைத் தவிர, மூடியில் விரலுக்கு எதுவும் தட்டியிருக்காது, தொட்டுத் தொட்டு அவளுக்கு மிச்ச இடமெல்லாம் வழவழவென்றே பழகியிருக்கும். இப்போது பெயிண்ட் இல்லை என்பது கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கட்டை விரல் மூடியின் மேல் போனது. ஓரிடத்தில் நின்றது. மூணு கோட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நுனிக்கு வந்தது, நுனியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனது, அங்கே நின்றது, திரும்பி முதலிலிருந்து வந்தது. உள்ளே கோமளா குழம்பைத் தாளிக்கிற சத்தம் கேட்டது. விரல் மறுபடி அந்தத் தாண்டிய இடத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டது.

"மாசி" என்றாள் அக்கா, குரல் தடுக்கவில்லை. "அப்பா சாப்ட்டுட்டுத் தண்ணியத் தொட்டுத் தரையில ஒண்ணு போடுவாரே. நீகூட நட்சத்திரம்னு சிரிப்ப. அது இன்னாடா?"

அவள் மூஞ்சிக்கு நேராகத் தன் மூஞ்சி வரும்படி அவர் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"தெரியாதுக்கா" என்றார்.